வயிற்றிலிருக்கும் குழந்தையின் கிட்னியில் நீர்த்தேக்கமா? ஸ்கேன் ரிப்போர்ட் சொல்வது என்ன, பெற்றோர் கேட்க வேண்டியது என்ன?

ஐந்தாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது 'நார்மல்' என்ற ஒரே வார்த்தையைத்தான். மூளை நார்மல், இதயம் நார்மல், முதுகெலும்பு நார்மல் என்று வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கும். கிட்னி என்ற இடத்தில் மட்டும் 'லேசான பெல்விஎக்டேசிஸ், இடது 5.2 மி.மீ.' என்று ஒரு வரி இருந்துவிட்டால்? பெருங்களத்தூரிலோ முடிச்சூரிலோ ஸ்கேன் எடுத்துவிட்டு ஆட்டோவில் வீடு போய்ச் சேர்வதற்குள், அந்த வரியை கூகுளில் தட்டி 'கிட்னி ஃபெயிலியர்' வரைக்கும் படித்து முடித்துவிடுவார்கள்.

கருவிலிருக்கும் குழந்தைகளிடம் ஸ்கேனில் அடிக்கடி கண்ணில் படும் மாறுதல்களில் இதுவும் ஒன்று. 100 கர்ப்பங்களில் 1 முதல் 5 வரை இப்படித் தெரிவதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. அதில் பாதிக்கு மேல் எந்த வைத்தியமும் இல்லாமல் தானாகவே சரியாகிவிடும் ரகம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 20வது வாரத்தில் பயம் உச்சத்துக்குப் போகிறது. குழந்தை பிறந்து, நன்றாக அழுது, பால் குடித்து, டயப்பரை நனைத்ததும் 'ஒண்ணும் இல்லை' என்று ரிப்போர்ட் பீரோவுக்குள் போய்விடுகிறது. பயப்பட அவ்வளவு தேவையில்லாத நேரத்தில் பயம், கவனம் தேவைப்படும் நேரத்தில் மறதி. இந்த இரண்டையும் சரிசெய்யத்தான் ஸ்கேனுக்குப் பிறகு டாக்டர் உட்காரவைத்துப் பேசும் அந்தக் கவுன்சலிங்.

'வீக்கம்' இல்லை, தேக்கம்

வீட்டில் இதைச் சொல்லும்போது 'குழந்தைக்குக் கிட்னி வீங்கியிருக்காம்' என்றுதான் சொல்கிறார்கள். வீக்கம் என்றாலே நமக்கு அடிபட்ட இடம், சீழ், காய்ச்சல் எல்லாம் ஞாபகத்துக்கு வரும். இங்கே அப்படி எதுவும் இல்லை. கிட்னி உற்பத்தி செய்யும் சிறுநீர் முதலில் அதன் நடுவில் உள்ள புனல் போன்ற பகுதியில் சேரும். அங்கிருந்து மெல்லிய குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்கு இறங்கும். அந்தப் புனலில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக நீர் நின்று, புனல் அகலமாகத் தெரிகிறது. அதைத்தான் பெல்விஎக்டேசிஸ், ஹைட்ரோநெப்ரோசிஸ் என்று எழுதுகிறார்கள். 'நீர் தேங்கி விரிந்திருக்கிறது' என்பதே சரியான தமிழ். ஒரே ஒரு வார்த்தை மாறினாலே வீட்டில் பாதி பதற்றம் குறையும்.

குழந்தை வயிற்றுக்குள்ளேயே சிறுநீர் போகுமா?

போகும். மூன்றாம் மாதத்திலேயே சிறுநீர் உருவாகத் தொடங்கிவிடுகிறது. கர்ப்பத்தின் இரண்டாம் பாதியில் பனிக்குடநீரில் பெரும்பங்கு குழந்தையின் சிறுநீர்தான். கேட்பதற்கு ஒரு மாதிரி இருந்தாலும், அந்த நீர் இருந்தால்தான் குழந்தையின் நுரையீரல் சரியாக வளரும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். வயிற்றுக்குள் இருக்கும்வரை குழந்தையின் ரத்தத்தைச் சுத்தம் செய்வது நஞ்சுக்கொடி. குழந்தையின் கிட்னிக்கு அந்த வேலை பிறந்த பிறகுதான் முழுசாக வருகிறது. அதனால்தான் ஒரு பக்கக் கிட்னியில் மட்டும் நீர் தேங்கி, மறுபக்கம் நன்றாக இருந்து, பனிக்குடநீரும் போதுமான அளவு இருந்தால், டாக்டர் 'பார்த்துக்கலாம்' என்கிறார். அலட்சியத்தில் சொல்வதில்லை. வயிற்றுக்குள் இருக்கும்போது அந்தக் குழந்தைக்கு உண்மையிலேயே எந்த ஆபத்தும் இல்லை.

அந்த மி.மீ. கணக்கு

ரிப்போர்ட்டில் வரும் எண், அந்தப் புனலின் முன்-பின் அகலம். 2014ல் அமெரிக்காவின் பல மருத்துவ அமைப்புகள் சேர்ந்து இதற்கு ஒரு பொது அளவுகோல் வகுத்தன. சுருக்கமாக யு.டி.டி. என்பார்கள். அதன்படி 16 முதல் 27 வாரம் வரை 4 மி.மீ.க்குக் கீழே இருந்தால் நார்மல். 28 வாரத்துக்குப் பிறகு 7 மி.மீ.க்குக் கீழே நார்மல். 20வது வாரத்தில் 4 முதல் 7க்குள், அல்லது 28 வாரத்துக்குப் பின் 7 முதல் 10க்குள் இருந்து, வேறு எந்த மாறுதலும் இல்லை என்றால் அது 'ஏ1', அதாவது ரிஸ்க் குறைவு. அதற்கு மேல் போனாலோ, கூடவே வேறு ஏதாவது தெரிந்தாலோ 'ஏ2-3'.

மேலே சொன்ன 5.2 மி.மீ., வேறு பிரச்சினை இல்லாதபோது, ஏ1. அதற்குச் செய்ய வேண்டியது 32 வாரத்துக்குப் பிறகு ஒரு ஸ்கேன், குழந்தை பிறந்த பிறகு இரண்டு ஸ்கேன். அவ்வளவுதான். ஏ2-3 என்றால் ஆரம்பத்தில் 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்ப்பார்கள். பிரசவத்துக்கு முன்பே குழந்தைகள் சிறுநீரக மருத்துவரையோ குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரையோ ஒருமுறை பார்த்துப் பேசிவிடுவது நல்லது.

ஆனால் எண்ணை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. ஒரு பக்கமா, இரண்டு பக்கமா? கிட்னியின் சதைப்பகுதி நல்ல தடிமனாக இருக்கிறதா, மெலிந்திருக்கிறதா? கிட்னியிலிருந்து இறங்கும் குழாயும் விரிந்திருக்கிறதா? சிறுநீர்ப்பை நிரம்பிக் காலியாகிறதா, இல்லை எப்போது பார்த்தாலும் பெரிதாகவே நிற்கிறதா? எல்லாவற்றையும்விட, பனிக்குடநீர் எவ்வளவு இருக்கிறது? இந்தக் கேள்விகளை அப்படியே டாக்டரிடம் கேட்கலாம். பதில்கள் நல்லபடியாக வந்தால் 8 மி.மீ. என்ற எண்ணுக்கும் பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை. பனிக்குடநீர் குறைவு என்று வந்தால், எண் சின்னதாக இருந்தாலும் விஷயம் வேறு.

டவுன் சிண்ட்ரோம் பயம்

'கிட்னியில் நீர் இருந்தால் டவுன் சிண்ட்ரோமாமே' என்று கேட்காத பெற்றோர் குறைவு. லேசான நீர்த்தேக்கம் அதற்கான அடையாளங்களில் ஒன்றுதான், ஆனால் மிகவும் பலவீனமானது. மூன்றாம் மாதத்தில் எடுத்த என்.டி. ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் ரிஸ்க் குறைவு என்று சொல்லி, ஐந்தாம் மாத ஸ்கேனில் வேறு எந்த அடையாளமும் இல்லை என்றால், இந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பனிக்குடநீரை ஊசியில் எடுத்துப் பரிசோதிக்கும் அளவுக்குப் பெரும்பாலும் போக மாட்டார்கள். முந்தைய பரிசோதனையே செய்யவில்லை என்றால் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அப்படியானால் என்னதான் காரணம்?

பெரும்பாலும் காரணம் என்று எதுவும் இருக்காது. வளரும் குழாய் கொஞ்ச காலம் மடங்கியோ தளர்ந்தோ இருந்துவிட்டு, பிறகு நேராகிவிடும். அதற்கடுத்து அதிகம் வருவது, புனலும் குழாயும் சேரும் இடத்தில் உள்ள அடைப்பு. டாக்டர்கள் 'பி.யு.ஜே.' என்பார்கள். நூற்றில் 10 முதல் 30 வரை இந்த வகை. இதிலும் எல்லோருக்கும் ஆபரேஷன் கிடையாது. பிறந்து சில வாரம் கழித்து எடுக்கும் ஐசோடோப் ஸ்கேனில் அந்தக் கிட்னியின் பங்கு 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ, போகப் போகக் குறைந்தாலோதான் அடைப்புள்ள இடத்தை வெட்டி நீக்கி மறுபடி இணைக்கும் 'பைலோபிளாஸ்டி' ஆபரேஷனைப் பற்றிப் பேசுவார்கள். இது 1940களிலிருந்து நடந்துவரும், நல்ல பலன் தரும் ஆபரேஷன்.

இன்னொரு வகை, சிறுநீர்ப்பைக்கு வந்த சிறுநீர் மறுபடி மேலே கிட்னிக்குத் திரும்பிப் போவது. நூற்றில் 10 முதல் 20 குழந்தைகளுக்கு இது காரணம். இது குடும்பத்தில் வரக்கூடியது. ஒரு குழந்தைக்கு இருந்தால், கூடப்பிறந்தவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்கும் இருக்க வாய்ப்புண்டு.

சில குழந்தைகளுக்கு ஒரு கிட்னி முழுவதும் நீர்க்கட்டிகளாக மாறி வேலை செய்யாமல் இருக்கும். கேட்டதும் தூக்கிவாரிப்போடும். மற்ற கிட்னி நன்றாக இருந்தால், அது கொஞ்சம் பெரிதாக வளர்ந்து இரண்டு பேர் வேலையையும் பார்த்துக்கொள்ளும். வேலை செய்யாத கிட்னியைப் பெரும்பாலும் எடுப்பதில்லை, அது வருடக்கணக்கில் தானாகவே சுருங்கிவிடும். அந்தக் குழந்தைக்கு அவ்வப்போது ரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்த்துக்கொண்டே வர வேண்டும். மற்றபடி ஓடலாம், விளையாடலாம்.

'நீ சரியா தண்ணி குடிக்கலை', 'வெயில்ல அலைஞ்ச', 'உங்க குடும்பத்து வியாதி' என்று பேச்சு கிளம்பும் வீடுகள் உண்டு. அம்மா தண்ணீர் குடிக்காததாலோ, எதையோ சாப்பிட்டதாலோ இது வருவதில்லை. நிறைய தண்ணீர் குடித்தாலும், வாழைத்தண்டு சாறு குடித்தாலும் குழந்தையின் குழாயில் உள்ள அடைப்பு திறக்காது. கவுன்சலிங்குக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்து போவது, முடிந்தால் மாமியாரையோ அம்மாவையோ கூட்டிப்போவது நல்லது. டாக்டர் வாயால் ஒருமுறை கேட்டுவிட்டால் அந்தப் பேச்சு பெரும்பாலும் அடங்கிவிடும்.

சிசேரியனும் இதற்காகத் தேவையில்லை. ஒரு பக்க நீர்த்தேக்கத்துக்காகத் தேதிக்கு முன்பே பிரசவம் பார்ப்பதோ, நார்மல் டெலிவரியைத் தவிர்ப்பதோ அவசியமில்லை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் சுமார் 45 சிசேரியன். அதனால் இதைத் தனியாகக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வதில் தப்பில்லை.

கஷ்டமான பேச்சு எப்போது?

எல்லாக் கதையும் நல்ல கதை கிடையாது. இரண்டு கிட்னியும் விரிந்து, சிறுநீர்ப்பை பெரிதாகவே நின்று, பனிக்குடநீர் குறைந்துகொண்டே வந்தால், சிறுநீர் வெளியேறும் பாதையிலேயே அடைப்பு என்று அர்த்தம். நூற்றில் ஒன்றிரண்டுதான் இப்படி. ஆனால் இங்கே கிட்னி மட்டுமல்ல, நுரையீரலும் பாதிக்கப்படும். இரண்டு கிட்னியும் உருவாகவே இல்லை என்றால் குழந்தை பிழைப்பது மிகமிக அரிது.

கருவிலேயே சரிசெய்ய முடியாதா என்ற கேள்வி வரும். 1981ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் மைக்கேல் ஹாரிசன் குழுவினர் கருப்பையைத் திறந்து செய்த முதல் ஆபரேஷனே இந்தச் சிறுநீர் அடைப்புக்காகத்தான். இப்போது குழந்தையின் சிறுநீர்ப்பையிலிருந்து பனிக்குடத்துக்கு ஒரு சின்ன டியூப் வைக்கும் முறை இருக்கிறது. இதைப் பற்றி பிரிட்டனை மையமாகக் கொண்டு நடந்த 'புளூட்டோ' ஆய்வு 2013ல் வெளியானது. அதில் சேர்ந்தவர்கள் 31 தாய்மார்கள் மட்டுமே. டியூப் வைத்தவர்களில் குழந்தை பிழைக்கும் வாய்ப்பு கூடியதுபோல் தெரிந்தது. ஆனால் இரண்டு வயதில் நார்மல் கிட்னியோடு இருந்த குழந்தைகள் இரண்டே பேர். ஆக, 'உயிர் பிழைக்குமா' என்பதும் 'கிட்னி பிழைக்குமா' என்பதும் வேறு வேறு கேள்விகள். நல்ல கவுன்சலிங் இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லும். பிற்காலத்தில் டயாலிசிஸ், மாற்று கிட்னி வரைக்கும் போக நேரிடலாம் என்பதையும் மறைக்காது.

சட்டமும் இங்கே வருகிறது. 2021ல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டப்படி, பிழைக்க வாய்ப்பில்லாத அல்லது கடுமையான பாதிப்புள்ள கருவை 24 வாரம் வரை இரண்டு டாக்டர்களின் ஒப்புதலோடு கலைக்கலாம். 24 வாரம் தாண்டினால், கணிசமான குறைபாடு இருக்கிறது என்று அரசு அமைத்த மருத்துவக் குழு உறுதி செய்ய வேண்டும். 18 வயது நிரம்பிய பெண் என்றால், சட்டப்படி அவர் சம்மதம் மட்டும் போதும். கணவர் கையெழுத்தோ மாமியார் ஒப்புதலோ சட்டம் கேட்பதில்லை. ஐந்தாம் மாத ஸ்கேனை 18லிருந்து 20 வாரத்துக்குள் எடுக்கச் சொல்வதன் ஒரு காரணம் இதுதான். 23வது வாரத்தில் போய் எடுத்தால், இரண்டாவது கருத்து கேட்கவும் நிதானமாக யோசிக்கவும் நாள் இருக்காது.

இதை ஏ1 ரிப்போர்ட்டோடு குழப்பிக்கொள்ளவே கூடாது. 5 மி.மீ. விரிவுக்காகக் கருவைக் கலைப்பது பற்றி யோசிக்கும் தம்பதி, முதலில் ஒரு ஃபீட்டல் மெடிசின் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.

டாக்டர் சிலதைச் சொல்லாமல் விடுவது ஏன்?

இந்த அடைப்புகளில் சிலவற்றுக்குக் குழந்தையின் பாலினத்தோடு தொடர்பு உண்டு. அதனால் 'என்ன வகை அடைப்பு டாக்டர்?' என்று துருவிக் கேட்டால், 'சிறுநீர்ப்பைக்குக் கீழே அடைப்பு' என்பதோடு டாக்டர் நிறுத்திக்கொள்ளக்கூடும். 1994ஆம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டப்படி, வாயாலோ சைகையாலோ அதைத் தெரிவிப்பது குற்றம். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் 'ஃபார்ம் எஃப்' எழுதி வாங்குவதும் இதற்காகத்தான். எதையோ மறைக்கிறார் என்று சந்தேகப்பட வேண்டாம். வைத்தியத்துக்குத் தேவையான எல்லாவற்றையும் பாலினத்தைச் சொல்லாமலேயே சொல்லிவிட முடியும்.

தலைப்பிரசவமும் தொலைந்த ரிப்போர்ட்டும்

பெருங்களத்தூர் பக்கம் இந்தப் பிரச்சினைக்கு ஒரு தனி முகம் உண்டு. தென் மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் இங்கே நிறைய. ஐந்தாம் மாத ஸ்கேன் இங்கே நடக்கும். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்து, கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறித் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆனால் மறுபடி பார்க்க வேண்டிய ஸ்கேன் 32 வாரத்துக்குப் பிறகு, அதாவது எட்டாம் மாதத்தில்! பிரசவம் பார்க்கும் ஊர் டாக்டருக்கு, 20வது வாரத்தில் இடது கிட்னி 5.2 மி.மீ. இருந்தது என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

ஆகவே ஸ்கேன் ரிப்போர்ட்டை ஒரிஜினலாகக் கையில் கொண்டுபோக வேண்டும், போனில் ஒரு போட்டோவும் இருக்கட்டும். தாய் சேய் நல அட்டையில் 'கிட்னி நீர்த்தேக்கம், பிறந்த பிறகு ஸ்கேன் தேவை' என்று டாக்டரிடம் எழுதி வாங்கிவிட்டால் இன்னும் நல்லது. பிரசவ நேரத்தில் அந்த அட்டையைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள்.

பிறந்த பிறகு 48 மணி நேரம் ஏன்?

பிறந்த முதல் இரண்டு நாள் குழந்தையின் உடம்பில் நீர் குறைவாக இருக்கும், சிறுநீரும் கொஞ்சமாகத்தான் உற்பத்தியாகும். அப்போது ஸ்கேன் எடுத்தால், உண்மையில் இருக்கும் விரிவு சின்னதாகத் தெரிந்து ஏமாற்றிவிடும். அதனால் சாதாரண நீர்த்தேக்கத்துக்கு 48 மணி நேரம் கழித்து, முதல் வாரத்துக்குள் ஒரு ஸ்கேன். அது நார்மல் என்று வந்தாலும் 4 முதல் 6 வாரத்தில் இன்னொன்று. இந்தியக் குழந்தைகள் சிறுநீரக மருத்துவர்கள் குழு 2013ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையேதான் சொல்கிறது. இரண்டு ஸ்கேனும் நார்மல் என்றால் பெரும்பாலும் கதை அங்கேயே முடிந்துவிடும்.

நார்மல் டெலிவரி என்றால் இரண்டு, மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்குப் போன பச்சைக் குழந்தையை ஸ்கேனுக்காக மறுபடி வெளியே தூக்கிப்போக யாருக்கும் மனசு வராது. டிஸ்சார்ஜுக்கு முன்பே நாள் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ஸ்கேனுக்கு ஒரு எளிய வழி இருக்கிறது. ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு எப்படியும் போகத்தானே வேண்டும்? அந்த வாரமே ஸ்கேனையும் முடித்துவிடலாம்.

இரண்டு பக்கமும் விரிந்திருந்தாலோ, இருப்பதே ஒரே கிட்னி என்றாலோ, சிறுநீர்ப்பைக்குக் கீழே அடைப்பு என்ற சந்தேகம் இருந்தாலோ, பனிக்குடநீர் குறைவாக இருந்திருந்தாலோ இந்தக் கணக்கு பொருந்தாது. அந்தக் குழந்தைகளுக்கு டிஸ்சார்ஜுக்கு முன்பே, 24 முதல் 48 மணி நேரத்துக்குள் ஸ்கேன் பார்த்தாக வேண்டும். அவர்களுக்குப் பிரசவமும் பச்சிளங்குழந்தை பிரிவு உள்ள பெரிய மருத்துவமனையில் நடப்பதே பாதுகாப்பு.

காய்ச்சல் வந்தால் தள்ளிப்போடாதீர்கள்

நீர் தேங்கிய கிட்னிக்குப் பெரிய எதிரி சிறுநீர்த் தொற்று. கைக்குழந்தைக்கு அது இருமல், சளி மாதிரி அடையாளம் காட்டாது. காய்ச்சல், பால் குடிக்காமை, வாந்தி, காரணமில்லாத அழுகை, அவ்வளவுதான். ஆறாவது வாரம் என்றால் 'ஊசி போட்ட காய்ச்சல்' என்று விட்டுவிடுவார்கள். அழுதால் 'உரம் விழுந்திருக்கு' என்று எண்ணெய் தடவி உரம் எடுக்கக் கூட்டிப்போவார்கள். மூன்று மாதத்துக்குள் உள்ள எந்தக் குழந்தைக்கும் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தாலே டாக்டரிடம் போக வேண்டும். கருவில் கிட்னி நீர்த்தேக்கம் இருந்த குழந்தை என்றால், 'ஸ்கேன்ல கிட்னியில நீர் இருந்துச்சு, யூரின் டெஸ்ட் பாக்கணுமா டாக்டர்?' என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். தொற்றைக் கவனிக்காமல் விட்டால் கிட்னியில் தழும்பு விழும், அந்தத் தழும்பு மறையாது. ரிஸ்க் அதிகமுள்ள சில குழந்தைகளுக்குத் தொற்று வராமல் இருக்கச் சிறிய அளவில் ஆன்டிபயாடிக் தினமும் கொடுக்கச் சொல்வார்கள். அதை டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது.

எங்கே போவது, எவ்வளவு ஆகும்?

பெருங்களத்தூர்க்காரர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. ஒரே ரயில் பாதையில் வடக்கே போனால் எழும்பூர். அங்கே அரசு மகப்பேறு மருத்துவமனையும் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையும் உள்ளன. தெற்கே போனால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிக்கும் ஒரு வயது வரையிலான நோயுற்ற குழந்தைக்கும் மருந்து, பரிசோதனை எல்லாம் இலவசம் என்பது மத்திய அரசின் ஜே.எஸ்.எஸ்.கே. திட்டம். பிறகு ஆபரேஷன் தேவைப்பட்டால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். சேருவதற்கான ஆண்டு வருமான வரம்பு 1.20 லட்சம் ரூபாய். குழந்தைக்குச் சொல்லப்பட்ட ஆபரேஷன் பட்டியலில் இருக்கிறதா என்பதை மருத்துவமனையில் உள்ள காப்பீட்டு மேசையில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அட்டை இல்லாதவர்கள் பிரசவத்துக்கு முன்பே விண்ணப்பித்துவிடுவது நல்லது. விவரத்துக்கு 104 என்ற சுகாதார உதவி எண்ணை அழைக்கலாம். போகும்போது ஐந்தாம் மாத ரிப்போர்ட், எட்டாம் மாத ரிப்போர்ட், குழந்தை பிறந்த பிறகு எடுத்தது, மூன்றும் ஒரே ஃபைலில் இருக்கட்டும்.